பங்குனியில் வந்த விதைப் பொதி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

வீட்டுத்தோட்டச் செய்கையை ஊக்குவிக்கும் முகமாக யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிராமங்களில் விதைப் பொதிகள் வழங்கப்பட்டமை பற்றித் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளிவந்த செய்தியை வாசித்தேன். அப்படியான பொதி ஒன்று எனக்கும் கிடைத்தது. அதைத் தந்தவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயம் கிடையாது. தேங்காயும் மிளகாயும் விற்கும் விலையில் வளவுக்குள் நாலு கத்தரி நிற்பது எவ்வளவு பெரிய உதவி என்பதை ஓய்வூதியத்தில் சீவிக்கும் நான் அறிவேன். ஆனால் அந்தப் பொதி என் கைக்கு வந்த மாதம் பங்குனி. அதைப் பற்றித்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் உரும்பிராயில் இரண்டு பரப்பு வளவில் குடியிருப்பவள். புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். வீட்டின் கோடிப்புறத்தில் ஏறக்குறைய அரைப் பரப்பில் பல வருடங்களாக மரக்கறி நட்டு வருகிறேன். பங்குனிக் கடைசிக் கிழமையில் ஓர் அலுவலகத்தில் வரிசையில் நின்று, கையொப்பம் வைத்து வாங்கி வந்த பொதியில் தக்காளி, கறிமிளகாய், கத்தரி, போஞ்சி, வெண்டி, பயிற்றை ஆகிய ஆறு வகை விதைகள் இருந்தன. ஒரு மாதத்தில் வந்து பயிரைப் படம் எடுப்போம் என்றும் சொன்னார்கள். படத்துக்குப் பயந்து, எனக்கே நம்பிக்கை இல்லாத நிலையில், அந்தக் கிழமையே நாற்றுமேடை போட்டேன். வேலிக்கு அங்காலிருந்து எட்டிப் பார்த்த அயல்வீட்டுப் பிள்ளை, "அக்கா, இந்த வெயிலுக்கை தக்காளி போட்டு என்னத்தைக் காணப் போறியள்?" என்று கேட்டாள். அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. விதைப் பொதியைத் திட்டமிட்டவர்களுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். விதை முளைத்தது, அதில் குறையில்லை. கிடுகு நிழலில் நாற்று நன்றாகவே வளர்ந்தது. வைகாசி பிறப்பதற்கு முன்னர் பிடுங்கி நட்டேன். காலையும் மாலையும் தண்ணீர். வைகாசிக் கடைசியில் தக்காளி பூத்தது. மஞ்சட் பூக்கள் காம்போடு சேரும் கணுவில் முதலில் வெளிறி, மறுநாள் பழுப்பாகி, மூன்றாம் நாள் விரல் பட்டதும் விழுந்தன. ஒரு கொத்தில் ஏழு பூ என்றால் ஏழும் மண்ணில் கிடந்தன. போஞ்சி அதற்கு முன்னரே அதே கதையை முடித்துவிட்டது. கறிமிளகாய் இலை சுருண்டு குறுகிப்போய் நின்றது. வெண்டியும் பயிற்றையும் மட்டும் நன்றி மறவாமல் காய்த்தன; கத்தரி இன்றைக்கும் காய்ப்பதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது.

என் தங்கை அவுஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தில் இருக்கிறாள். அவளும் தன் வீட்டின் பின்புறத்தில் தோட்டம் வைத்திருக்கிறாள். தற்செயலாக அவளும் அதே கிழமையில் தக்காளியும் போஞ்சியும் விதைத்திருந்தாள். நான் உதிர்ந்த பூவைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பிய அன்று, அவள் போஞ்சி ஆய்ந்து நிறைத்த சுளகைப் படம் எடுத்து அனுப்பினாள். தக்காளியும் பிஞ்சு பிடித்துவிட்டதாம். அவளிடம் மந்திரம் எதுவும் இல்லை. பிரிஸ்பேன் தென் அகலக்கோடு 27 பாகையை அண்டியிருக்கும் உப அயன மண்டல நகரம். எங்களுக்குப் பங்குனி, சித்திரை என்றால் அவர்களுக்குக் கோடை முடிந்து காற்றுக் குளிரத் தொடங்கும் காலம். அதன் பின் வரும் ஆனி, ஆடி அவர்களின் குளிர்காலம். உறைபனி அங்கே அரிது, பகல் 20 பாகை செல்சியசுக்குச் சற்று மேல், இரவு 10 பாகையை அண்டி. தக்காளிக்கும் போஞ்சிக்கும் பட்டாணிக்கும் சலாது இலைக்கும் அதைவிட நல்ல காலம் இல்லை. அங்குள்ளவர்கள் வெண்டியையும் பயிற்றையையும் வத்தாளையையும் மழையோடு வரும் தங்கள் கோடைக்கென்று வைத்துக்கொள்வார்கள். சுருங்கச் சொன்னால், எனக்குக் கிடைத்த பொதி நாள் பார்த்துப் பிரிஸ்பேனுக்கு அனுப்பியிருக்க வேண்டியது. முகவரி மாறி உரும்பிராய்க்கு வந்துவிட்டது.

வேடிக்கையாகச் சொன்னாலும் இதில் ஒரு மெய்யான சிக்கல் இருக்கிறது. இப்போது வீட்டுத்தோட்டம் பற்றித் தமிழில் பார்க்கவும் கேட்கவும் கிடைக்கும் விளக்கங்களில் பெரும்பகுதி புலம்பெயர்ந்த எங்கள் உறவினர்களாலும் தமிழகத்து மாடித் தோட்டக்காரர்களாலும் செய்யப்படுபவை. அவை அவரவர் ஊருக்குச் சரியானவை. நாங்களோ வட அகலக்கோடு 9 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் இருக்கிறோம். சித்திரை வருடப்பிறப்பை அண்டிய நாட்களில் சூரியன் எங்கள் தலைக்கு நேர்மேலே வருகிறது. நண்பகலில் முற்றத்தில் ஒரு தடியை நட்டுப் பார்த்தால் நிழலே விழாது. நான் மாணவர்களுக்கு இதைச் செய்து காட்டியிருக்கிறேன். அந்த நாட்களில்தான் எங்களிடம் நாற்று நடச் சொல்கிறார்கள். தக்காளியைப் பொறுத்தவரை பகல் வெயிலைவிட இரவின் வெக்கைதான் கேடு. இரவு வெப்பநிலை 24 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்காவிட்டால் பூவின் மகரந்தம் பலமிழந்து, காய் கட்டாமல் பூ உதிர்ந்துவிடும். வைகாசி, ஆனி இரவுகளில் எங்கள் வீடுகளில் மின்விசிறி இல்லாமல் மனிதரே உறங்குவதில்லை. தக்காளி மட்டும் எப்படி உறங்கும்?

வெக்கையோடு சோளகம் எனும் தென்மேற்குக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை வீசும் அந்தக் காற்று, தெற்கிலும் மேற்கிலும் மழையைக் கொட்டிவிட்டு, எங்களிடம் வரும்போது வெறும் உலர்காற்றாக வருகிறது. ஒரு சதுர மீற்றர் பாத்தியில் ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு லீற்றர் தண்ணீர். சோளக நாட்களில் அந்த ஒரு சதுர மீற்றரிலிருந்து நாளொன்றுக்கு ஐந்து லீற்றருக்குக் குறையாமல் காற்று எடுத்துக்கொள்ளும். சிறிய பத்துப் பாத்திக்கே எத்தனை வாளி என்பதைக் கணக்குப் பார்க்கலாம். எங்கள் செம்மண்ணோ ஊற்றிய தண்ணீரை நின்று பார்க்கவிடாமல் குடித்துவிடும் மண். அதன் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். இங்கே வருடம் முழுக்க ஓடும் ஆறும் இல்லை, குளத்தை நம்பிய தோட்டமும் இல்லை. கிணறுதான். அந்தக் கிணற்றின் நன்னீர், கடல்நீருக்கு மேலே மிதக்கும் ஒரு வில்லை போன்றது என்பதை எங்கள் பாடசாலைப் பிள்ளைகளே அறிவார்கள். நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்தில் உவராகவும் இருப்பது அதன் கண்கண்ட சாட்சி. வரட்சியான மாதங்களில் அதிகம் இறைக்க இறைக்க அந்த வில்லை மெலியும். எனவே ஆனி, ஆடியில் தக்காளியைக் காப்பாற்ற மோட்டாரை ஓடவிடுவது, வரும் வருடத்துக் குடிதண்ணீரில் கைவைப்பதாகும்.

இந்தத் தவறு இவ்வருடம் தொடங்கியதல்ல. 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டு, அதே ஆண்டு கார்த்திகையில் அந்தத் தடை நீக்கப்பட்ட பின்னர், 2022இல் நாடே உணவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்றபோது, வீட்டில் பயிர் செய்வதற்கென்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை முடிவெடுத்தது. ஆனி மாதத்தில், மூன்று மாத காலத்துக்கு. தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஊர்களில் அது பொருந்தியிருக்கலாம். யாழ்ப்பாணத்தில் அந்த மூன்று மாதமும் சோளகம் புழுதியை வாரி முகத்தில் அடிக்கும் மாதங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அந்த வெள்ளிக்கிழமைகளில் பாத்தி கட்டினார், பசளை போட்டார், பின்னர் ஆவணி முடிய அலுவலகத்துக்குத் திரும்பிப் போனார். மழை வரும்போது விடுமுறை முடிந்திருந்தது.

எங்கள் ஊருக்கு ஒரு தோட்ட நாட்காட்டி இல்லாமல் இல்லை. அது எழுத்தில் இல்லை, அவ்வளவுதான். என் மாமியார் அதை மனத்தில் வைத்திருந்தார். ஆவணியில் பாத்தியைக் கொத்திப் புரட்டி வெயிலில் காயவிட வேண்டும். கூளத்தையும் உமியையும் மேடையின் மேல் பரப்பிக் கொளுத்தினால், நாற்றின் அடி அழுகும் நோய்க்குக் காரணமான பூஞ்சணம் மேல் மண்ணோடு வெந்துபோகும். புரட்டாதியில் கத்தரியும் மிளகாயும் மேடையில் விழ வேண்டும். கொடிகளுக்குக் குழி வெட்டிச் சாணமும் இலையும் போட்டு மூடி வைக்க வேண்டும். ஐப்பசியில் முதல் மழை மண்ணை நனைத்ததும் புடோல், பாகல், பீர்க்கு, பூசணி, பயிற்றை ஆகியவற்றை ஊன்றினால், பந்தலில் அவை ஏறுவதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய அவசியமே இராது. கார்த்திகை பெருமழையின் மாதம். அம்மாதத்தில் புதிதாக எதையும் நடக்கூடாது என்பது மாமியின் கட்டளை. 2008 கார்த்திகையில் நிஷா புயலோடு வந்த மழையில் நான் அந்தக் கட்டளையை மீறி நட்டிருந்த அறுபது மிளகாய்க் கன்றும் இரண்டு நாள் தண்ணீரில் நின்று வேரழுகிப் போயின. அதன் பின்னர் நான் மீறியதில்லை.

தக்காளிக்கு உரிய இடம் இந்த நாட்காட்டியில் எங்கே என்றால், கார்த்திகையில் கூரைக்குக் கீழே தட்டில் நாற்றுப் போட்டு, மார்கழிக் கடைசியில், மழை ஓய்ந்து வாடைக்காற்று வீசும்போது நடுவதே. தையிலும் மாசியிலும் பூக்கும்போது எங்கள் இரவுகள் வருடத்திலேயே மிகக் குளிர்ந்தவையாக இருக்கும். பங்குனி வெக்கைக்கு முன்னர் காய் பிடித்துவிடும். போஞ்சியும் கறிமிளகாயும் அந்தக் காலத்திலேயே ஓரளவுக்குச் சரிவரும். பங்குனி பிறந்த பின்னர் வளவில் நிற்கத் தகுந்தவை கீரை, வெண்டி, பயிற்றை, பழைய கத்தரி, முருங்கை, மரவள்ளி ஆகியவைதான். இராசவள்ளி நடுகிறவர்கள் அப்போது கிழங்கை நட்டு வைப்பார்கள். அது தைப்பொங்கலை அண்டித்தான் வெளியே வரும். ஆக, சித்திரை தொடக்கம் ஆவணி வரை வீட்டுத்தோட்டம் என்பது புதிதாக ஒன்றை உண்டாக்கும் காலமல்ல, நிற்பதைக் காப்பாற்றும் காலம்.

இனி, நிற்பதைக் காப்பாற்றுவது முன்னரைவிட ஏன் கடினமாகிவிட்டது என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். விதையைக் கொடுக்கிறவர்கள் யாரும் வளவைப் பார்ப்பதில்லை. என் சிறுவயதில் எங்கள் வீட்டைச் சுற்றி வேலி இருந்தது. பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் சீமைக்கிளுவையும் கதியாலாக நின்றன. வருடத்தில் இரண்டு தடவையாவது கதியால் வெட்டுவார்கள்; குழையில் ஒரு பங்கு ஆட்டுக்கு, மிகுதி கிடங்கு வெட்டித் தாட்க. அந்தத் தாட்ட குழைதான் செம்மண்ணுக்கு ஈரத்தைப் பிடித்து வைத்தது. வேலியிலேயே முசுட்டையும் குறிஞ்சாவும் தூதுவளையும் தாமாகப் படர்ந்தன. கறிக்கு ஒன்றும் இல்லாத நாளில் அம்மா வேலியைச் சுற்றி நடந்து ஒரு சுண்டல் பிடுங்கி வருவார். இன்று எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீட்டைத் தவிர மற்றெல்லா வீட்டுக்கும் மதில். வெளிநாட்டுக் காசு வந்ததும் முதலில் எழுவது மதில்தான். குறை சொல்லவில்லை, என் வீட்டின் மூன்று பக்கமும் மதில்தான். ஆனால் மதில் குழை தராது. பகல் முழுக்க வெயிலைக் குடித்து இரவு முழுக்க வெக்கையை விடும். மதிலோரம் நட்ட பாகற்கொடி மூன்று அடிக்கு அப்பால் நிற்கும் கொடியைவிட முந்தி வாடுவதை நான் ஒவ்வொரு கோடையிலும் காண்கிறேன். 2005இல் சீமைக்கிளுவையை இந்நாட்டின் நான்காவது பெருந்தோட்டப் பயிர் என்று அரசு அறிவித்தது. அதே காலத்திலிருந்து நாங்கள் அதை வேரோடு கிண்டி எறிந்துவிட்டு, கடையில் பசளை மூட்டை வாங்குகிறோம்.

கிணற்றடியும் மாறிவிட்டது. முன்னர் எல்லோரும் கிணற்றடியில்தான் குளித்தோம். குளித்த தண்ணீர் சிறு வாய்க்கால் வழியே வாழைக்குப் போய், அதைத் தாண்டி வல்லாரைப் பாத்தியில் முடியும். யாரும் தோட்டத்துக்கென்று தனியாகத் தண்ணீர் அள்ளியதாக நினைவில்லை. வீடு குளித்தால் தோட்டமும் குளித்தது. 1990இன் பின்னர் பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருளும் யூரியாவும் பற்றரியும் குடாநாட்டுக்கு வராமல் நின்றபோது, தண்ணீர் இறைக்கும் இயந்திரங்கள் மூலையில் கிடக்க, கழற்றி வைத்த கிணற்றுத் துலாக்கள் மறுபடி ஏறின. அந்த ஆண்டுகளில் நாங்கள் மரக்கறிக்குத் தவிக்கவில்லை. எங்களிடம் இருந்தது வேலிக் குழையும், ஆட்டெருவும், குளித்த தண்ணீரும், கை விதையும் மட்டுமே. இன்று கூரையில் தாங்கி, உள்ளே குளியலறை. குளித்த தண்ணீர் குழாய் வழியாக மூடிய குழிக்குள் போகிறது. சென்ற வருடம் நான் ஒரு கொத்தனாரைப் பிடித்து, குளியலறைக் குழாயை மட்டும் பிரித்து, கல்லும் கரியும் மணலும் நிரப்பிய ஒரு சிறு தொட்டிக்கூடாக வாழைப் பாத்திக்குத் திருப்பினேன். இரண்டு பேர் குளிக்கும் தண்ணீரில் நான்கு மொந்தன் வாழையும் ஓர் எலுமிச்சையும் சோளகத்தில் வாடாமல் நிற்கின்றன. சவர்க்காரத் தண்ணீரைக் கீரைக்கு விடுவதில்லை. வாழை அதைப் பொறுத்துக்கொள்ளும்.

கிணற்றைப் பற்றிப் பேசும்போது பசளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுத்தோட்டம் மற்ற எந்தத் தோட்டத்தையும் விடக் குடிதண்ணீருக்குக் கிட்ட இருப்பது. எங்கள் வலிகாமத்தில் பல கிணறுகளின் நீரில் நைத்திரேற்றின் அளவு, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. தோட்டங்களில் அளவின்றிப் போட்ட யூரியாவும், கிணற்றுக்கு அருகில் வெட்டிய மலசலக் குழிகளும் அதற்குக் காரணம். சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகள் இருப்பதால் மேலே போட்டது வடிகட்டப்படாமல் கீழே போய்ச் சேருகிறது. கைக்குழந்தைகளுக்கு அந்தத் தண்ணீர் ஆபத்து. எனவே கத்தரி நாலு இலை மஞ்சளித்ததும் ஒரு பிடி யூரியாவை எறிகிறவர்கள், வாளி விழும் கிணறு எத்தனை அடியில் இருக்கிறது என்று முதலில் திரும்பிப் பார்க்க வேண்டும். மேலும், எங்கள் மண்ணில் இளம் இலை நரம்பு பச்சையாகவும் இடையில் மஞ்சளாகவும் தெரிந்தால் அது பெரும்பாலும் நைதரசன் குறைவு அல்ல. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் செடியால் இரும்பை எடுக்க முடியாமையே. அதற்கு யூரியா ஒன்றும் செய்யாது. தாட்ட குழையும் மக்கிய எருவும் காலப்போக்கில் செய்யும்.

பொதியிலிருந்த விதையைப் பற்றி எனக்கு இன்னொரு குறை உண்டு. தக்காளியும் கறிமிளகாயும் கலப்பின விதைகள் என்று பைக்கற்றிலேயே அச்சிட்டிருந்தது. அந்த விதையில் வரும் பழத்திலிருந்து எடுத்த விதை, தாயைப் போல் காய்க்காது. வருடா வருடம் மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும். இங்கேயே தேர்ந்தெடுக்கப்பட்ட திருநெல்வேலி ஊதாக் கத்தரி (இது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி) போன்ற இனங்கள் இருக்கும்போது, குடாநாட்டு வீடுகளுக்கு அதைக் கொடுப்பதற்கு என்ன தடை? வீட்டு விதை எடுப்பது கடினமான காரியமல்ல. கத்தரியென்றால் செடிக்கு ஒன்றாக, நோய் இல்லாத செடியில் இரண்டாம் மூன்றாம் காயை விட்டு, தோல் மஞ்சளாகும் வரை காத்திருந்து, பிளந்து, தண்ணீரில் பிசைந்து, தாழும் விதையை மட்டும் எடுத்து நிழலில் உலர்த்திச் சாம்பலோடு போத்தலில் அடைத்தால் போதும். பாகலைச் செம்மஞ்சளாகி வெடிக்கும் வரை விட வேண்டும். பயிற்றை நெற்றை மாமி அடுப்படிப் பறணில் புகை படும்படி கட்டித் தூக்கியிருப்பார். ஒரு வண்டும் அதைத் தொட்டதில்லை.

மாமியைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று நினைவுக்கு வருகிறது. புடலங்காய் ஒரு சாண் நீளத்துக்கு வந்ததும் அவர் வாழைநாரில் ஒரு சிறு கல்லைக் கட்டி அதன் நுனியில் தொங்கவிடுவார். காய் நேராக வளரும். ஆனால் கல்லைக் கட்டும்போதே காயைச் சுற்றிப் பழைய பத்திரிகைத் தாளையும் சுருட்டிக் கட்டிவிடுவார். பழ ஈ முட்டை இடுவது பிஞ்சில்தான் என்பதை யாரும் அவருக்குப் படிப்பித்திருக்கவில்லை. தங்கள் பத்திரிகையும் அந்தப் பணியில் பல வருடம் எங்கள் பந்தலில் தொங்கியிருக்கிறது என்பதைத் தாங்கள் பிழையாக எடுக்கமாட்டீர்கள் என நம்புகிறேன்.

நோய்களைப் பற்றி நீட்டி எழுத இது இடமல்ல. ஆனால் பிழையான காலத்தில் நடுவதோடு சேர்ந்து வரும் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சித்திரையில் நட்ட கத்தரியில் நான்கு செடி, காலையில் பச்சையாக நின்று மதியம் தலை சாய்ந்து, மறுநாளும் நிமிரவில்லை. தண்ணீர் போதவில்லை என்று எண்ணி நான் இன்னும் ஊற்றினேன். இன்னும் இரண்டு சாய்ந்தன. பிறகு ஒரு தண்டை அடியோடு வெட்டி, கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீரில் நுனி மட்டும் அமிழப் பிடித்தேன். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் போல் வெள்ளையாக ஒன்று கீழே இறங்கியது. அது பற்றீரிய வாடல். வெக்கையும் ஈரமும் சேர்ந்த மண்ணில்தான் அது பெருகும். அதாவது, கோடையில் நட்டுவிட்டு, அது வாடுகிறதே என்று மேலும் மேலும் தண்ணீர் விடுகிறவரின் பாத்தியில். மருந்து இல்லை. செடியைப் பிடுங்கி எரித்துவிட்டு, அந்தப் பாத்தியில் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் சில வருடம் நடாமல் விட வேண்டும். வேலியோரம் காட்டில் நிற்கும் சுண்டங்கத்தரியின் அடியில் நல்ல கத்தரியை ஒட்டி வைத்தால் இந்நோயைத் தாங்கும். விதைப் பொதிக்குப் பதிலாக அப்படி ஒட்டிய இரண்டு கன்று ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் எவ்வளவோ பயன்.

ஆகவே தங்கள் பத்திரிகை மூலம் உரியவர்களிடம் நான் கேட்பது பெரிய விடயமல்ல. விதைப் பொதிகளுக்கான நிதியும் பொதிகளும் எந்த மாதத்தில் வந்தாலும் வரட்டும். வடக்கில் அவற்றை ஆவணி கடைசிக்கு முன்னர் கொடுக்காதீர்கள். தக்காளியையும் போஞ்சியையும் தனியாகப் பிரித்துக் கார்த்திகையில் கொடுங்கள். பங்குனியில் ஏதேனும் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், முருங்கைத் தடியும் இராசவள்ளிக் கிழங்கும் கீரை விதையும் கொடுங்கள். கணக்கு முடிக்கும் மாதம் ஒன்று இருக்கலாம். அது மண்ணுக்குத் தெரியாது. பயிரைப் படம் எடுக்க வருகிறவர்கள் தை மாதத்தில் வந்தால், வாசலிலேயே அவர்களுக்குப் புடலங்காயைக் கையில் கொடுத்து அனுப்ப எங்களால் முடியும். தாங்களும் கிழமைக்கு ஒரு தடவை, ஒரு சிறு கட்டத்துக்குள், இக்கிழமை யாழ்ப்பாணத்து வளவில் எதை ஊன்றலாம், எதை ஊன்றக்கூடாது என்று பிரசுரித்தால், ஊரில் இன்னும் இருக்கும் முதியவர்கள் பலர் அதற்குச் சொல்லத் தயாராக இருப்பார்கள். தீவகத்தின் உவர் மண்ணுக்கும் வடமராட்சியின் மணலுக்கும் வலிகாமத்துச் செம்மண்ணுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதையும் கவனிக்க வேண்டுகிறேன். உவர்த்தண்ணீரில் பீற்றூட் நிற்கும், போஞ்சி நில்லாது.

படம் எடுக்க வருவதாகச் சொன்னவர்கள் இன்னும் வரவில்லை. பொதியில் மீந்த கத்தரி விதைகளைச் சாம்பலோடு ஒரு போத்தலில் அடைத்து, மூடியில் "புரட்டாதி" என்று எழுதி அடுப்படியில் வைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
வாசகி ஒருத்தி,
உரும்பிராய்.